தப்பு சாரின் நாற்காலி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எனக்கு மட்டும் வலது தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது. மின்விசிறிப் பெட்டிகளை இறக்கும்போது ஆட்கள் கதை பேசிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே கை வைத்தேன், அதற்குக் கிடைத்த கூலி. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அத்தான் உப்பைக் குறைத்துவிட்டாரா, இல்லை குறைத்துவிட்டதாக உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாரா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ, "இருடா, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று ஓடிவிடுகிறாய். தாளில் எழுதினால் பாலை இறக்கி வைத்துவிட்டாவது படிப்பாய்.

நம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓலை வந்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் பவள விழாவாம். நான்தான் சிறப்பு விருந்தினராம். "சொந்த உழைப்பால் உயர்ந்த மின்பொருள் வணிகர்" என்று போட்டிருக்கிறார்கள். இதே பள்ளிக்கூடம் பத்தாவது முடித்த அன்று என் சான்றிதழை நீட்டி, "நீயெல்லாம் எங்கடா உருப்படப் போற" என்று அனுப்பிவைத்தது உனக்கு நினைவிருக்கும். போகட்டும். விழா மலருக்கு 'என்னை உருவாக்கிய ஆசிரியர்' என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். அதைப் படித்ததும் தோள்வலியெல்லாம் மறந்துவிட்டது. கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். வேறு யாரைப் பற்றி எழுதுவேன்? நம் தப்பு சாரைப் பற்றித்தான்.

எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். தினம் ஒரு தப்பை வேண்டுமென்றே பாடத்துக்குள் ஒளித்துவைப்பார், கண்டுபிடிப்பவருக்கு மணி அடிக்கும்வரை தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பாடம் நடத்துவார் என்பதை எழுதினேன். அதனால் வகுப்பில் ஒருவனும் தூங்கியதில்லை. மக்குப் பையன்கூடக் கழுகு மாதிரி கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குக் கிடைத்த நாற்காலியை ஒரு பென்சிலுக்கு அடுத்த பெஞ்சுக்காரனிடம் கைமாற்றிவிட்டேனே, அதையும் எழுதினேன். "சீட்டையே வித்துட்டியாடா? நீ பொழச்சுக்குவே" என்றார். அன்றிலிருந்து எனக்கு வியாபாரி என்று பெயர். இன்றைக்கும் சரக்கு வந்து இறங்கினால் எல்லோரும் எண்ணிக்கை பார்ப்பார்கள், நான் எங்கே தப்பு இருக்கிறது என்று பார்ப்பேன். இந்தக் கடை நிற்பது அந்தப் பழக்கத்தில்தான்.

ஆண்டு விழாவையும் எழுதியிருக்கிறேன் அக்கா. நீ ஏழாவது, நான் ஆறாவது. பழைய தாளாளர் மைக்கைப் பிடித்து, "சொந்த ஒளியால் உலகுக்கே வெளிச்சம் தரும் சந்திரனைப் போல இந்தப் பள்ளி" என்று முழங்கினார். நீ கூட்டத்திலிருந்து எழுந்து விறுவிறுவென்று மேடை ஏறி, "தப்பு சார். நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, வகுப்பில் செய்வது போலவே அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைதட்டியவன் நான் ஒருவன்தான். அந்த நாற்காலிக்காக சாரின் வேலை போனதையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன்.

அங்கேயே டீச்சராக இருக்கும் நீயும் மலர்க் குழுவில் இருக்கிறாயாமே. கட்டுரை இத்துடன் இருக்கிறது, உன் கையாலேயே கொடுத்துவிடு. சார் எப்படி இருக்கிறார்? இன்னும் தையல்கடை மாடியில்தானே?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி


மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் கட்டுரையும் கிடைத்தன. தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, தைலத்தை மட்டும் நம்பாதே. என் முட்டி மாடிப்படி ஏறும்போது மட்டும் தன் இருப்பைக் காட்டுகிறது. அத்தான் உப்பு விஷயத்தில் நீ சந்தேகப்பட்டது சரிதான்.

கட்டுரை நன்றாக இருக்கிறது. படித்துச் சிரித்தேன். கொஞ்சம் நீளமாக இருக்கிறதோ என்று தோன்றியது. ஆண்டு விழா பகுதியைச் சற்றே சுருக்கினால் இன்னும் எடுப்பாக இருக்கும். பழைய கதைதானே, இப்போது படிப்பவர்களுக்கு யார் எவர் என்று தெரியாது.

இங்கே வேலை அதிகம். எங்கள் தலைமையாசிரியர் இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். அடுத்தது என் முறைதான் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறார்கள். இப்போதைய தாளாளர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவர் அப்பாவைப் போலச் சத்தம் போடுபவர் இல்லை, சிரித்துக்கொண்டே இருப்பார். சிரிப்பைப் பார்த்து நாம்தான் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டும்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம். தோள் பரவாயில்லை. ஒத்தடத்துக்கு நன்றி.

சுருக்குவது கிருக்குவது எல்லாம் நடக்காது. ஒரு காற்புள்ளியைத் தொட்டால்கூட எனக்குக் கெட்ட கோபம் வரும். பழைய கதை என்று எழுதியிருக்கிறாய். யாருக்குப் பழைய கதை? "ஒழுங்கீனத்தைக் கற்பித்தவர்" என்று சான்றிதழில் எழுதி அனுப்பினார்களே, அதற்குப் பிறகு அந்த மனுஷனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் கதவைத் திறந்தது? மரக்கடையில் கட்டைக்கு அளவு எடுத்தார். சாயங்காலம் தையல் இயந்திரச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, டியூஷன் பிள்ளைகளுக்கு ஒளிவிலகல் நடத்தினார். அன்றைக்கு அவர் ஒரே ஒரு வரி, "பிள்ளை செய்தது தவறு" என்று எழுதிக் கொடுத்திருந்தால் வேலை தப்பியிருக்கும். "அவ கண்டுபிடிச்சது சரிதானே?" என்று கேட்டுவிட்டு வந்தவர் அவர். அவரைச் சுருக்கச் சொல்கிறாயே!

உன் பதவி விஷயம் சந்தோஷம். உனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? உன்னைவிட அனுபவம் உள்ளவர் அங்கே கரும்பலகை ஒன்றுதான்.

சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை. மேடையில் அவருக்கும் ஒரு இடம் போடச் சொல்லியிருக்கிறாயா? நான் விருந்தினன் என்றால் அவர் என் பக்கத்தில் உட்கார வேண்டும்.

தம்பி


மே 11

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதம். அட்மிஷன் நேரம், வாசலில் பெற்றோர், உள்ளே பெஞ்சு உடைசல். எல்லோரும் சௌக்கியம்.

சாருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. நன்றாக இருக்கிறார். மேடையில் யார் யார் என்று முடிவு செய்வது தாளாளர். மலர் அச்சுக்குப் போய்விட்டது.

இங்கே வெயில் கடுமை. நீ கிடங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்காதே.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாக இரு.

மலர் வந்தது. வழவழ காகிதம், பெட்டிக்குள் வைத்த சட்டை மாதிரி விறைப்பாக. பக்கத்தைப் புரட்டினேன். என் போட்டோ. என் பெயர். கீழே இது:

"எங்கள் முன்னாள் தாளாளர் ஐயா அவர்கள் வகுப்புக்கு வருகை தரும்போதெல்லாம் வேண்டுமென்றே ஒரு பிழையைப் பாடத்தில் மறைத்து வைப்பார்கள். கண்டுபிடிக்கும் மாணவரைத் தம் நாற்காலியிலேயே அமரவைத்து அழகு பார்ப்பார்கள். ஆண்டு விழா மேடையில் ஒருமுறை ஒரு சிறுமியை அவ்வாறு அமரவைத்து, அவையோர் அனைவரையும் நெகிழச் செய்தார்கள்."

இதை நான் எழுதினேனாம்! கடையில் இரண்டு வாடிக்கையாளர் நிற்கும்போதே கத்திவிட்டேன். ஒருவர் தான் கேட்ட விளக்கைக்கூட வாங்காமல் போய்விட்டார். மச்சினன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, "யாரு மாமா செத்துட்டாங்க?" என்றான். "நான்தான்டா" என்றேன்.

அந்த ஆள் என்றைக்காவது வகுப்புக்குள் வந்திருக்கிறாரா? ஜன்னல் வழியாகப் பார்த்து, யாருக்குச் செருப்பு இல்லை, யாருக்குப் பித்தான் இல்லை என்று கணக்கெடுத்ததுதான் அவர் நடத்திய பாடம். தான் செய்தது தவறு என்று ஜென்மத்தில் ஒப்புக்கொள்ளாத மனிதர் தினம் ஒரு தப்பு செய்து பிள்ளையை உட்காரவைத்தாராம். அப்பா நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இருக்கிறது என்றார். மகன் அடுத்தவர் வெளிச்சத்தை அப்பாவின் பெயருக்குப் பத்திரம் பண்ணிவிட்டார்.

வியாபாரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அடுத்தவன் சரக்கில் தன் லேபிளை ஒட்டுவது. என் கடையில் ஒருவன் செய்திருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்திருப்பேன். இங்கே என் முகத்தையே லேபிளாக ஒட்டிவிட்டார்கள்.

இதை யார் செய்தது? குழுவில் நீ இருந்தாயே, உன் கண்ணில் படவில்லையா? தாளாளருக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். நீயும் எழுது.

தம்பி


ஜூன் 30

பெருமதிப்பிற்குரிய சிறப்பு விருந்தினர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் விளங்கப் பள்ளி நிர்வாகம் வாழ்த்துகிறது. தங்கள் மடல் கண்டோம். தங்கள் கட்டுரையில் சில கசப்பான செய்திகள் விழாவின் மாண்புக்கு ஏற்றவையாக இல்லாமையால் சிறு செம்மையாக்கம் மட்டும் செய்யப்பட்டது. கருத்து தங்களுடையதே. இறுதிப் படியைக் குழு உறுப்பினரான தங்கள் தமக்கையாரே படித்துப் பார்த்து, ஒப்புதல் கையொப்பம் இட்டுள்ளார்கள் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். குடும்பத்திற்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றில் நிர்வாகம் தலையிடுவது முறையன்று.

விழாவில் தங்களை வரவேற்கக் காத்திருக்கும்,
தாளாளர்


ஜூலை 6

அக்காவுக்கு,

அவர் எழுதியதை அப்படியே இத்துடன் வைத்திருக்கிறேன். உண்மையா?

உண்மை என்றால் எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அந்த மேடையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது நீ. உனக்காக வேலையைத் தூக்கிப் போட்டவர் அவர். மூன்றாவது மனிதன் கையெழுத்துப் போட்டிருந்தால் தெரியாத்தனம் என்று விட்டிருப்பேன். நீ எப்படிப் போட்டாய்? பதவி அவ்வளவு ருசியா?

விழாவுக்கு நான் வரவில்லை. சாருக்கு இன்று தனியாக எழுதுகிறேன். உன்னைப் போல அவரிடமிருந்தும் ஒளிந்துகொள்ள என்னால் முடியாது.

தம்பி


ஜூலை 25

வியாபாரிக்கு,

ஆசீர்வாதம். நான் சௌக்கியம். ஆபரேஷன் ஆன கண்ணுக்கு உலகம் வெள்ளை வெளேரென்று, துவைத்துக் காயப்போட்ட மாதிரி தெரிகிறது. இன்னொரு கண் இன்னும் பழைய மஞ்சளிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து விளையாடிக்கொண்டிருக்கிறேன். இத்தனை காலம் இந்த மஞ்சளையா வெள்ளை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்தேன். நீ பாதி தெரிந்துகொண்டு முழுசாகக் கோபப்படுகிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இது உண்டு.

ஏப்ரலில் உன் அக்கா இங்கே வந்தாள். உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "சார், உங்களைப் பத்தி அவன் எழுதினது மலர்ல வந்தா தலைமை ஆசிரியர் வேலை எனக்குக் கிடையாதுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. என்ன செய்யட்டும்?" என்றாள். "என்னை எடுத்துடும்மா. இந்த வயசுல எனக்கு மலரும் வேணாம் மாலையும் வேணாம். நீ அந்த நாற்காலிக்கு வந்தா அதுவே எனக்குப் போதும்" என்றேன். இது நான் கொடுத்த அனுமதி. இதில் அவள் மேல் குற்றம் இல்லை.

எடுத்த இடத்தில் அந்த ஆளைக் கொண்டுவந்து வைப்பார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அச்சகத்துப் பையன் வண்டியோடு வாசலில் நிற்கும்போது தாளைக் கையில் கொடுத்து, "படிச்சுக்கிட்டு நிக்காதீங்க டீச்சர், போடுங்க" என்றார்களாம். படித்தாள். படித்துவிட்டுப் போட்டாள். தையல்கடைக்கு அவளோடு வேலை பார்க்கும் டிராயிங் மாஸ்டர் வருவார், அவர் சொன்னார். அன்றிலிருந்து அவள் இந்தத் தெருப்பக்கம் வருவதில்லை.

எனக்குக் கோபம் உண்டு. உன்னைவிட அதிகம் உண்டு. ஆனால் நீ நினைக்கும் இடத்தில் இல்லை. என் பெயரை எடுக்க எனக்கு உரிமை இருந்தது, எடுக்கச் சொன்னேன். நீ சின்னப் பையன், கடைசி வரிசையில் கைதட்டிக்கொண்டு இருந்தாய், மேடையில் என்ன நடந்தது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. நான் படியோரம் நின்றேன். அந்த ஆள் குனிந்து, சிரித்த முகத்தோடு, அவள் காதைத் திருகித் தூக்கி எழுப்பினார். கூட்டத்துக்குத் தெரியாதபடி. அவள் சத்தமே போடவில்லை. தோடு கிழித்து, சட்டைக் கழுத்தில் ரத்தம். அதை "அமரவைத்து அழகு பார்த்தார்" என்று அச்சடித்து, அதற்கு அவளையே கையெழுத்துப் போடவைத்திருக்கிறார்கள் பார், அங்கேதான் என் வயிறு எரிகிறது.

"பதவி அவ்வளவு ருசியா" என்று எழுதினாயாமே. அதைப் பெருமையாக என்னிடமே வேறு சொல்கிறாய். நீ ஊர் தாண்டி உட்கார்ந்துகொண்டு யாருக்கும் வணக்கம் வைக்க வேண்டியதில்லை. அவள் தினமும் காலையில் செத்துப்போன அந்தப் பழைய தாளாளரின் படத்துக்குக் கீழே வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறாள்.

அவளை இங்கே வரச் சொல். திட்ட வேண்டும்.

தப்பு சார்


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

சார் எழுதியிருந்தார். காது விஷயம் எனக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை நீ? அன்றைக்குச் சாயங்காலம் அம்மா கேட்டபோது, கம்பி கீறிவிட்டது என்று நீ சொன்னதுதான் எனக்குத் தெரியும். அதையே நம்பிக்கொண்டு இத்தனை வருஷம் அந்தக் கதையை நான் நண்பர்களிடம் ஜோக்காகச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

போன கடிதத்தில் நான் எழுதியதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். முழுதையும் எடுக்க முடியாது. சாரிடம் நீ போகாமல் இருப்பது தப்பு.

இனிமேல் என்ன செய்வது என்று யோசித்துவிட்டேன். நான் விழாவுக்கு வருகிறேன். மாலை போடட்டும், பொன்னாடை போர்த்தட்டும். மைக் என் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறேன். வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு அந்தச் சிரிப்பு என்ன ஆகிறது என்று பார்ப்போம். உன்னை வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். என் கடையில் முன்பக்கத்து மேஜை காலியாகத்தான் இருக்கிறது. நீ உட்கார்ந்தால் மச்சினன் கல்லாவுக்குள் கையை விடும் வேலையும் நிற்கும்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது, பயணச்சீட்டு எடுத்துவிடுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 15

தம்பி,

வராதே. நீ மைக்கைப் பிடித்தால் அது உன் சண்டை ஆகிவிடும். வெளியூர்ப் பணக்காரத் தம்பி வந்து அக்காவுக்காகக் குதித்தான் என்பார்கள். உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதி அனுப்பிவிடு. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா


செப்டம்பர் 10

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். என் முட்டியைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இந்த இரண்டு வாரமாக அதற்கு என்னைத் தொந்தரவு செய்ய நேரமில்லை. நான் சொன்னபடி வராமல் இருந்தாய். உன் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பால் எதுவும் அடுப்பில் இல்லை.

மலர்க் கட்டுகள் எல்லாம் நூலகத்தில் இருந்தன. நூலகச் சாவி என்னிடம். டிராயிங் மாஸ்டர் அவருக்குத் தெரிந்த அச்சகத்தில் ஒரு சின்னத் தாள் அடித்துக் கொடுத்தார். மதிய இடைவேளையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் ஒட்டினேன், ஒளிந்து செய்யவில்லை. சில டீச்சர்கள் பார்த்துவிட்டு, "ஐயோ, எங்களுக்கு எதுக்கு வம்பு" என்று நடையைக் கட்டினார்கள். இருவர் வந்து உட்கார்ந்து பசை தடவினார்கள். அந்தக் கட்டுரைப் பக்கத்தின் தலையில் ஒட்டியது இதுதான்:

"திருத்தம். இக்கட்டுரையில் கூறப்படும் ஆசிரியர் முன்னாள் தாளாளர் அல்லர். அவர் எங்கள் அறிவியல் ஆசிரியர். தையல்கடை மாடியில் குடியிருக்கிறார். மேடை நாற்காலியில் உட்கார்ந்த சிறுமி நான். என்னை யாரும் அமரவைக்கவில்லை, நானே உட்கார்ந்தேன். காதைத் திருகி எழுப்பப்பட்டேன். நான் உட்கார்ந்ததற்காக என் ஆசிரியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மாற்றி எழுதிய படிக்குக் கையொப்பமிட்டதும் நானே. - பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை."

விழா அன்று வாசலில் நின்று நானே எல்லோர் கையிலும் கொடுத்தேன். உனக்குப் பதிலாகக் கல்வித் துறையிலிருந்து ஒரு அதிகாரியைப் பிடித்து வந்திருந்தார்கள். பாவம், நல்ல மனிதர். தாளாளர் அவரிடம் ஒரு மலரைக் கொடுத்து, "எங்க அப்பாவைப் பத்தி ஒரு பழைய மாணவர் எழுதியிருக்கார், அதை மட்டும் வாசிச்சுடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திறந்து, மேலேயிருந்து ஆரம்பித்தார். "திருத்தம்" என்று நல்ல கணீர்க் குரலில் வாசித்தார். ஏதோ தலைப்பு என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "காதைத் திருகி" வரை வந்த பிறகுதான் அவருக்கே குரல் இறங்கியது. நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி வரிவரை வாசித்துவிட்டு, "இந்த ஆசிரியர் இங்க வந்திருக்காரா?" என்று மைக்கிலேயே கேட்டார். நான் எழுந்து, "அவரைக் கூப்பிடலைங்க" என்றேன்.

விழா முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டார்கள். தாளாளர் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"என்ன டீச்சர் இது?"

"திருத்தம் சார்."

"யாரைக் கேட்டு ஒட்டினீங்க?"

"உங்க அப்பா என் காதைத் திருகினப்ப யாரைக் கேட்டாரு?"

அப்போதுதான் அந்தச் சிரிப்பு போயிற்று. உனக்குப் பார்க்க ஆசையாக இருந்ததே, அதற்காகச் சொல்கிறேன். "உங்க கையெழுத்து எங்கிட்ட இருக்கு, மறந்துடாதீங்க" என்றார். "அதையும் திருத்தத்துல நானே போட்டிருக்கேன் சார், படிச்சுப் பாருங்க" என்றேன். "செத்துப்போனவரை அசிங்கப்படுத்திட்டீங்களே" என்றார். "உயிரோட இருக்கிறவரை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாளே சாரிடம் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு திருத்தத்தைப் படித்தார். திட்டுவதற்காக வரச் சொன்னவர், "பசையை இவ்ளோ அப்பியிருக்கியே" என்றார். பிறகு, "'எங்கள் அறிவியல் ஆசிரியர்'னு போட்டிருக்கே. 'முன்னாள்' விட்டுப்போச்சு" என்றார். "விட்டுப்போகலை சார், வேணும்னேதான் போடலை" என்றேன். நான் கிளம்பும்போது இன்னும் சில பிரதிகள் வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். கீழே தையல்கடைக்காரருக்கு, மரக்கடைக்கு, டியூஷன் பிள்ளைகளுக்கு என்று அவரே விநியோகம் செய்துகொண்டிருக்கிறார் என்று கேள்வி. மலரும் வேணாம் மாலையும் வேணாம் என்ற ஆள்!

உனக்குத் தெரிய வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. தலைமையாசிரியர் பதவியை எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தாளாளர் வீட்டுக்கு உறவு. என்னைப் பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்து ஆறாம் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள், தண்டனையாம். நீ எழுதிய கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், அந்தப் பதவி எனக்கு ருசியாகத்தான் இருந்தது. அதற்கு எனக்குத் தகுதி இருந்தது. அதை ஆசைப்பட்டதற்காக நான் வெட்கப்படவில்லை. அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு என்னை வளைத்தார்களே, அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

பணிமூப்பைத் தாண்டி நியமித்தது செல்லாது என்று கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டேன். மலர் வாசித்த அதிகாரியின் அலுவலகம்தான். அடுத்த மாதம் விசாரணை. அத்தான், "இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று ஆரம்பித்தார். உப்பு டப்பாவைத் தூக்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். பேச்சை நிறுத்திக்கொண்டார்.

உன் கடை மேஜைக்கு வேறு ஆளைப் பார். தாளாளருக்கு நீ எதுவும் எழுதாதே, வக்கீல் நோட்டீஸ் அது இது என்று எதையும் கிளப்பாதே. விசாரணைக்கும் வராதே. எனக்காக நீ இதுவரை கோபப்பட்டது போதும். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. இதுவரை அதை வெளியே எடுக்காமலே இருந்துவிட்டேன், இப்போது எடுத்தாயிற்று. அடுத்த மாதம் வரைக்கும் அது ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாளை காலை முதல் பீரியட் ஆறாம் வகுப்பு. பொல்லாத பிள்ளைகள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். சீக்கிரம் படுக்கப் போகிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா